மூன்றடி உயரத்தில் சென்னை

நடக்கத் தொடங்கிய குழந்தை, விளையாட்டுப் போக்கில், ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 எட்டு வைக்கிறது. 701 மீட்டர் தூரம் போகிறது. 17 முறை விழுகிறது. குழந்தைகளின் நடையை ஆராயும் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரன் அடால்ஃப் தம் குழுவினரோடு 2012இல் வெளியிட்ட கணக்கு இது. அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 2019இல் இன்னொரு செய்தி வந்தது. பொம்மைகள் நிறைந்த அறையில் விட்டாலும் ஒன்றுமில்லாத வெற்றறையில் விட்டாலும் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே அளவுதான் நடந்தார்கள். எதையோ எட்டிப் பிடிக்கவேண்டும் என்று அவர்கள் நடப்பதில்லை. நடக்கிறார்கள், வழியில் எது தட்டுப்படுகிறதோ அதனிடம் நிற்கிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையைப் பார்க்க வேண்டும். "குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம்?" என்று கேட்டால் இந்த நகரம் தயாராக வைத்திருக்கும் விடைகள் எல்லாம் இடங்களின் பெயர்கள்: மெரினா, வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, ஏதாவது ஒரு பெரிய மால். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அவை விடுமுறை நாளுக்கானவை. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கு வெளியே போவது அன்றாடத் தேவை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த வழிகாட்டுதலின்படி இந்த வயதில் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடமாவது குழந்தை ஓடியாட வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைத்திருக்கக் கூடாது. இரண்டு அறை வாடகை வீட்டில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், அந்த 180 நிமிடம் கிடைக்காது. தெரு கொடுக்க வேண்டும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்: வீட்டு வாசலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு குழந்தை என்ன பார்க்கிறது, எங்கே நடக்கிறது, யாரோடு போகிறது? ஒரு நகரம் குழந்தைகளுக்கு உகந்ததா இல்லையா என்பதை அந்த அரைக் கிலோமீட்டர் தீர்மானித்துவிடும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது என்று அதைச் சொல்வோம். சாயங்காலம் இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, போகிற மாட்டையும் வருகிற வண்டியையும் காட்டி, பராக்குப் பார்க்கவிட்டு ஒரு கிண்ணம் சோற்றை ஊட்டி முடிப்பது. நிலா இருந்தால் மொட்டை மாடி. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக வகுத்தபோது, தளர்நடை போட்டு வா என்று அழைக்கும் வருகைப் பருவத்தை அடுத்து அம்புலியை வைத்தார்கள். நடை வந்ததும் வெளியும் வானமும் வந்துவிடுகின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழ் சிறுதேர் உருட்டுவதில் முடிகிறது. உருட்டுவதற்கு வாசலும் தெருவும் வேண்டும். திருவிழாக் கடைகளில் இன்றும் விற்கும் மரத்து நடைவண்டி அந்தத் தெருவை நம்பிச் செய்யப்பட்டதுதான். இப்போது அதை வாங்கி வந்து ஹாலில் ஓட்டுகிறோம். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து மணி அடிக்கிறார்.

தெரு எங்கே போனது என்பதற்கு விடை தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை. வாசலிலேயே பைக்குகள் நிற்கின்றன. திருவல்லிக்கேணியிலோ புரசைவாக்கத்திலோ ஒரு சந்தில் இருபுறமும் வண்டி நிறுத்தியதுபோக மிச்சமிருப்பது ஓர் ஆட்டோ போகும் அகலம். பெரிய சாலைகளில் நடைபாதை உண்டு. ஆனால் அதைக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. சாலை மட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட உயர்ந்து நிற்கும் விளிம்பு. ஏறினால் பத்தடியில் மின்வாரியப் பெட்டி. அதைச் சுற்றிச் சாலையில் இறங்கி மறுபடி ஏறினால் ஒரு வீட்டுக் கார் ஏறுவதற்காக வெட்டிய சரிவு, அதன்பின் மழைநீர் வடிகாலின் மூடி, இரண்டு மூடிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் பாதம் நுழையும் இடைவெளி. பெரியவர்கள் இதையெல்லாம் கவனிக்காமலே தாண்டிவிடுவோம். மூன்றடி உயரத்தில் இருப்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சுவர், ஒரு பள்ளம். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 87 சென்டிமீட்டர், மூன்று வயதில் 95 சென்டிமீட்டர். நிற்கும் காரின் புகைக்குழாய் அதன் மார்புக்குக் கீழே. ஓட்டுநருக்கோ பின்னால் வண்டியை எடுக்கும்போது அந்தத் தலை தெரிவதில்லை.

சென்னை மாநகராட்சிக்கு இது தெரியாமல் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை 2014இல் அது ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநகராட்சிகளில் ஒன்று என்று அப்போது பாராட்டினார்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்கும் பகுதி 1.8 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பின் அளவு. ஒரு பெரியவரும் அவர் கையைப் பிடித்த குழந்தையும் நடக்க, எதிரே ஒருவர் வர, அது போதும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் தியாகராய சாலையை நடப்பவர்களுக்காக மாற்றி அமைத்துத் திறந்தபோது இந்தக் கொள்கை கண்ணுக்குத் தெரிந்தது. அகலமான தளம், உட்காரக் கல் இருக்கைகள், மரங்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பார்த்தால் கடைக்கு வந்தவர்களைவிடக் குழந்தையை நடக்கவிட்டுப் பின்னால் போகிறவர்கள் அதிகமோ என்று தோன்றும். எந்த விளையாட்டுக் கருவியும் தேவைப்படவில்லை. தளம் சமமாக இருந்தது, வண்டி வராது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மற்ற வட்டாரங்களுக்கும் அது வரவேண்டும்: வியாசர்பாடிக்கும் கொரட்டூருக்கும் பல்லாவரத்துக்கும்.

தள்ளுவண்டி சென்னையில் ஏன் பிடிக்கவில்லை என்று வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. மேலே சொன்ன நடைபாதைதான் காரணம். வண்டியை ஐந்து நிமிடம் தள்ளினால் மூன்று தடவை தூக்கவேண்டியிருக்கிறது. ஆகவே குழந்தை இடுப்பில்தான் போகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, தோளில் டயப்பர் பை, ஒரு கையில் குடை. வெளியே போய் வந்த களைப்பு என்று நாம் சொல்வதில் பாதி இந்தச் சுமையின் களைப்பு. அதைப் பெரும்பாலும் பெண்கள் தாங்குகிறார்கள். குழந்தைக்கும் இதில் இழப்பு இருக்கிறது. இறக்கிவிட்டால் ஆபத்து என்று தூக்கியே வைத்திருக்கும்போது அது பார்க்க மட்டும் செய்கிறது; நடப்பதில்லை, தொடுவதில்லை.

வண்டியில் போவதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் சென்னைக் குடும்பம் என்றாலே இருசக்கர வண்டி. அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, குழந்தை ஸ்கூட்டரின் முன்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காற்று முகத்தில் அடிக்கிற அந்த இன்பத்தைக் குழந்தையின் முகத்திலேயே பார்க்கலாம். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நாள் பால் வாங்கலாம் என்னும் வீட்டில் இந்த வண்டிதான் கடற்கரையையும் கோயிலையும் சாத்தியமாக்குகிறது. ஆனால் திடீரென்று பிரேக் போட்டால் முதலில் மோதுவது அந்தச் சின்ன முகம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்து, ஓராண்டு அவகாசத்துக்குப்பின் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை இருசக்கர வண்டியில் கூட்டிப்போனால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்த பெற்றோரையே நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். பெரியவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தை வெறுந்தலையோடு போகும் காட்சி தினமும் தெருவில் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து நாம் போட்டுக்கொள்கிறோம். குழந்தைக்கு அபராதம் இல்லை என்று நினைத்துவிட்டோம். பட்டையும் சின்னத் தலைக்கவசமும் மகப்பேறு மருத்துவமனை வாசல் கடைகளில் கொசுவலையோடு சேர்த்து விற்கவேண்டிய பொருள்கள். காரில் போகிறவர்களும் மேல் இல்லை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. முன் இருக்கையில் மடிக்குழந்தையோடு போகும் கார்களை எந்தச் சிக்னலிலும் பார்க்கலாம்.

பேருந்து இந்த வயதுக்கு மிக நல்ல வாகனம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தது. ஒரு தாயும் பிள்ளையும் காலணா செலவில்லாமல் பாரிமுனையிலிருந்து பெசன்ட் நகருக்குப் போய் வரலாம். இதன் அருமை மாதக் கடைசியில் தெரியும். வேலைக்குப் போகாத பெண்கள் குழந்தையோடு பகல் நேரத்தில் அம்மா வீட்டுக்கும் கடற்கரைக்கும் தாமாகப் போய்வருவதற்கு இந்த ஓர் உத்தரவு வழி திறந்திருக்கிறது. சிக்கல் படிக்கட்டில். பழைய பேருந்தின் முதல் படி பெரியவர்களுக்கே உயரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்குக் கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி சென்னைக்கு வந்தன. 2025 ஜூனில் தாழ்தள மின்பேருந்துகளும் வரத் தொடங்கின. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும் அந்தப் பேருந்தில் இரண்டரை வயதுக் குழந்தை தானே கால் வைத்து ஏறிவிடுகிறது. அப்படி ஏறியதும் அதன் முகத்தில் தெரிகிற பெருமை சொல்லி மாளாது. சக்கர நாற்காலிக்காகக் கேட்டுப் பெற்றது கைக்குழந்தைக்காரர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் சேர்ந்து கிடைத்திருக்கிறது. போராடியவர்களுக்கு இந்த நகரத்துத் தாய்மார்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள்.

பேருந்துக்குள் இன்னொன்று நடக்கிறது. குழந்தையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்ததும் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பாட்டி, "இங்க குடும்மா, நான் மடியில வச்சுக்கிறேன்" என்று கை நீட்டுவார். முன்பின் தெரியாத மடிதான். குழந்தை கொஞ்சம் முகத்தைச் சுளிக்கும், பிறகு வளையலைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். இறங்கும்வரை பெயர் என்ன, எத்தனை மாதம், பல் எத்தனை என்று பேச்சு. இளநீர்க்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பூ கட்டும் அம்மா, மாநகரப் பேருந்தின் நடத்துநர் என்று இந்த ஊர் முழுதும் குழந்தையோடு பேசாமல் போகிறவர் குறைவு. கட்டடங்களிலும் சாலைகளிலும் நாம் குழந்தைகளுக்குச் செய்யத் தவறியதை மனிதர்கள் தங்கள் மடியாலும் பேச்சாலும் ஈடுசெய்து வருகிறார்கள். இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் காணமுடியாது.

மெட்ரோ ரயிலில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. தளமும் பெட்டியும் ஒரே மட்டம். இலவசத்துக்கு அங்கே அளவு வயது அல்ல, உயரம்: 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டரை வயதில் ஒரு குழந்தை பேருந்திலும் புறநகர் ரயிலிலும் இலவசப் பயணி, மெட்ரோவில் கட்டணப் பயணி ஆகிவிடலாம். குழந்தைகள் பலருக்கு ரயிலில் போவதே உல்லாசம். எங்கும் இறங்காமல் போய்த் திரும்பினாலும் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ரயில் பைத்தியமாக இருக்கும் பிள்ளைக்கு ஐ.சி.எஃப். வளாகத்தின் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களும் ஒரு சிறு ரயிலும் இருக்கின்றன. திங்கட்கிழமை போகக் கூடாது, விடுமுறை.

இடங்களுக்கு வருவோம். கடற்கரைதான் சென்னையின் ஆகப் பெரிய பொதுச்சொத்து. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்து மெரினா என்று பெயரிட்ட உலாவிடம் இன்றும் கட்டணமில்லாத, வாயில் இல்லாத, யாரும் யாரையும் நிறுத்திக் கேட்காத இடம். மணல் இருந்தால் குழந்தைக்கு வேறு பொம்மை வேண்டாம், விழுந்தாலும் அடிபடாது. ஆனால் மெரினாவின் மணல்வெளி மிக அகலம். சாலையிலிருந்து அலை வரை சூடு தணியாத மணலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரியவர்களைத் தளர்த்திவிடும். மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்தில் 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, சீரமைக்கப்பட்டது. சக்கர நாற்காலி போகிற பாதை எதுவோ அதுவே சிறுகுழந்தைக்கும் ஏற்ற பாதை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வங்கக் கடலின் இழுப்பு கரையிலேயே வலுவானது. கணுக்கால் நீரில் நிற்கும் குழந்தையின் காலடி மணலை அலை உருவிக்கொண்டு போகும். கையைப் பிடித்தால் போதாது, தூக்கிக்கொள்ள வேண்டும். என் மகளோடு போகும்போது நாங்கள் அலைக்கு முப்பது அடி இப்பால் குழி தோண்டி நண்டுப் பொந்து தேடுவதோடு நிறுத்திக்கொள்வோம். அவளுக்கு அதுதான் கடல்.

மாநகராட்சிப் பூங்காக்கள் எண்ணிக்கையில் அதிகம்; எழுநூறுக்கு மேல். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதியால் புதிய குடியிருப்புப் பகுதிகளிலும் சிறு சிறு பூங்காக்கள் வந்தன. மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, தியாகராய நகரில் நடேசன் பூங்கா போன்ற பழைய பூங்காக்களில் மர நிழலும் மனித நடமாட்டமும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் நடைப்பயிற்சிப் பாதைதான் ராஜா. எட்டு வடிவத்தில் நடக்கும் பெரியவர்களுக்கு இடையே ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். விளையாட்டுக் கருவிகள் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் அளவில் இருக்கின்றன. சறுக்குமரத்தின் ஏணிப்படிகளுக்கு நடுவே குழந்தையின் தொடை நுழையும். தகரச் சறுக்குமரம் மே மாதத்தில் நான்கு மணிக்கும் சுடும். ஊஞ்சலுக்கு அடியில் இருந்த மணலை எடுத்துவிட்டு ரப்பர் பாயும் செயற்கைப் புல்லும் போடுவது இப்போதைய வழக்கம். படத்தில் அழகாக இருக்கும். வெயிலில் அது கொதிக்கும். தோண்ட எதுவும் இல்லை. நாய், பூனை அசுத்தம் செய்கின்றன என்பது மணலுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான குறை. வாரம் ஒரு முறை கிளறி வெயில் காட்டினால் தீரக்கூடியது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு பூங்காவிலும் வேலியிட்ட ஒரு மணல் முற்றம் போதும், மற்றவை எல்லாம் பிறகு.

ஆம்ஸ்டர்டாம் நகரமும் மணலிலிருந்துதான் தொடங்கியது. போர் முடிந்தபின் 1947இல் ஆல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர் பெர்டல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் ஒரு மணல் தொட்டியையும் சில இரும்பு வளைவுகளையும் வைத்தார். 1978க்குள் அந்த நகரில் அவர் வடிவமைத்தவை எழுநூறைத் தாண்டின. தெரு முனை, இடிந்த வீட்டின் காலி மனை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்து என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. பெரும்பாலும் வேலி இல்லை. மணல் தொட்டியின் விளிம்பு அகலமாக இருந்ததால் தாய்மார்கள் அதிலேயே உட்கார்ந்தார்கள். எழுநூறு என்ற எண் சென்னையிலும் இருக்கிறது. அங்கே அவை குழந்தை நடந்து போகும் தூரத்தில், தெருவின் ஒரு பகுதியாக இருந்தன. இங்கே சுற்றுச்சுவரும் பூட்டும் வைத்துத் தெருவிலிருந்து பிரித்துவிட்டோம். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் பூங்காவின் கம்பி வழியே உள்ளே இருக்கும் ஊஞ்சலைக் காட்டி அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கு இது புரியும்.

வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் கூடம் பிறகு சென்ட்ரல் அருகே மாறி, 1985இல் வண்டலூருக்குப் போனது. சென்ட்ரலில் இருந்தபோது சாயங்காலம் போய்வரும் இடமாக இருந்தது. இப்போது ஒரு நாள் பயணம். விலங்குகளுக்கு அது நல்லதாயிற்று, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தத் தொலைவும் நடையும் அதிகம். புலியைக் காட்டினால் அது பார்ப்பது வேலியின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையை. நான்கு வயதுக்குப்பின் போகலாம், செவ்வாய் விடுமுறை. அதற்குமுன் கிண்டி சிறுவர் பூங்காவே தாராளம்: மான், பறவைகள், மரநிழல், நகரத்துக்கு நடுவில்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளம் குழந்தைகளுக்கானது. செயற்கை மரத்தடியில் தரையில் உட்கார்ந்து படப்புத்தகம் புரட்டலாம். குளிர்ச்சி உண்டு, கழிப்பறை உண்டு, கட்டணம் இல்லை. மழை நாளுக்கும் மே மாதத்துக்கும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோயில் பிரகாரத்தை விட்டுவிடக் கூடாது. கபாலீசுவரர் கோயிலின் வெளிப்பிரகாரத்தில் வண்டி வராது, செருப்புப் போடாத பாதங்களுக்குக் கல்தளம், மாட்டுக்கொட்டில், மயில், மணியோசை, ஓடிவரும் மற்ற பிள்ளைகள். பல குடும்பங்களுக்கு அன்றாட வெளியுலா என்றால் இதுதான். மற்ற மதத்தாருக்குச் சாந்தோம் தேவாலய வளாகமும் தர்கா முற்றமும் அதே வேலையைச் செய்கின்றன. மால்களைப் பழிப்பது எளிது. குடும்பங்கள் அங்கே போவதற்குக் காரணம் கடைகள் மட்டும் இல்லை: சமதளம், லிஃப்ட், குளிர்காற்று, சுத்தமான கழிப்பறை, டயப்பர் மாற்ற ஒரு மேடை. இவ்வளவும் ஒன்றாகக் கிடைக்கும் பொது இடம் ஒன்றை நகரம் கொடுத்திருந்தால் கூட்டம் அங்கே போயிருக்கும்.

கழிப்பறைதான் பல உலாக்களின் நீளத்தை முடிவு செய்கிறது. டயப்பரை விட்டுக் கழிப்பறைக்குப் பழகும் வயது இது. "உச்சா" என்று சொன்ன அரை நிமிடத்தில் இடம் வேண்டும். பொதுக் கழிப்பறை இருந்தாலும் தரை நனைந்திருக்கும், குழந்தையை நிறுத்த இடமிருக்காது, ஆண்கள் பகுதியில் டயப்பர் மாற்ற மேடை என்ற நினைப்பே இருக்காது. அப்பா மட்டும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போவது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை 2015இல் தமிழக அரசு தொடங்கியது நல்ல முன்மாதிரி. பேருந்து நிலையத்தில் சரி என்றால் கடற்கரையிலும் பூங்காவிலும் ஏன் கூடாது?

இனி நேரம். கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கரையேறி மேற்கே நகர்வதால் திருவான்மியூரில் நான்கு மணிக்கே வெளியே வரமுடிகிறது. அம்பத்தூரில் வெயில் தணிய இன்னும் நேரமாகும். மதியத் தூக்கம் முடிந்து குழந்தை எழுவது நான்கரை. நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அதோடு கொசுவும் டெங்குப் பயமும் வரும். ஆக, நல்ல உலாவுக்கு ஒரு நாளில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்தில் அலுவலகம் போகும் அம்மாவும் அப்பாவும் வீட்டில் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை செய்பவர் ஏழரைக்கு வந்து சேரும்போது குழந்தை சாப்பிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறது. எனவே இந்த நகரத்துக் குழந்தைகளை வெளியே கூட்டிப் போகிறவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளும், பெரியவர்கள் இல்லாத வீட்டில் வேலைக்கு வரும் அக்காக்களும். அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒன்றரை வயதுக்காரருக்கும் தேவைகள் ஒன்றே: தாழ்ந்த விளிம்பு, நிழல், உட்காரத் திண்டு, பக்கத்தில் கழிப்பறை, கடப்பதற்கு நீண்ட சிக்னல். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒருவர் தடுக்கினால் இருவரும் விழுவார்கள்.

எல்லோருக்கும் இந்த ஒரு மணி நேரமும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. சோழிங்கநல்லூர் அடுக்ககத்துக் குழந்தைக்கு மதில் சுவருக்குள் புல்வெளி, ஊஞ்சல், காவலாளி எல்லாம் உண்டு. கீரைக்காரியும் மாடும் தெருவும் இல்லை. பெரும்பாக்கத்து எட்டு மாடி மறுகுடியமர்வுக் கட்டடத்தில் ஏழாவது மாடிக் குழந்தைக்கு லிஃப்ட் நின்றுவிட்டால் அன்று உலா இல்லை. வடசென்னைச் சந்தில் வளரும் குழந்தைக்கு வாசலில் ஆள் கூட்டம் உண்டு, தூக்கிக்கொள்ளப் பத்துக் கை உண்டு. நிழலும் மூடிய வடிகாலும் இல்லை. இவர்களில் கடைசிக் குழந்தைக்குத்தான் குறைந்த செலவில் நிறைய செய்யமுடியும், அதற்குத்தான் முதலில் செய்யவும் வேண்டும்.

செய்வதற்கு வழியும் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வார்டில் தெரு விளக்கு, குப்பை, வடிகால் பற்றிப் பேச அவை ஏற்பட்டவை. அங்கே வந்து பேசுகிறவர்களில் சிறு குழந்தை உள்ளவர்கள் குறைவு. கூட்ட நேரத்தில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். ஆனால் அவர்களுக்காகப் பேசக்கூடிய ஒருவர் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்: அங்கன்வாடிப் பணியாளர். எந்த வீட்டில் எத்தனை வயதில் எத்தனை குழந்தை என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கிறது. எந்தக் குழந்தை எந்த வழியாக வருகிறது, எந்த மூலையில் நாய் விரட்டுகிறது, மழை வந்தால் எங்கே தேங்குகிறது என்பதும் அவருக்குத் தெரியும். தெருவில் வடிகாலோ நடைபாதையோ போடுவதற்கு மதிப்பீடு தயாரிக்கும் மாநகராட்சிப் பொறியாளர், அங்கன்வாடியிலிருந்து பக்கத்துப் பூங்கா வரை அவரோடும் இரண்டு குழந்தைகளோடும் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், சரிவு எங்கே வேண்டும், மின்பெட்டியை எந்தப் பக்கம் தள்ளவேண்டும், பூங்காவின் கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கவேண்டும் என்பதை அந்த நடையிலேயே குறித்துக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் இடித்துக் கட்டுவதைவிட அதற்குச் செலவு குறைவு.